நான்கு வல்லூறுகள் பிழைத்தது இயற்கைத் தெரிவா?

உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருப்பதால், அதை முதலில் என் சொற்களில் திருப்பிச் சொல்லிப் பார்க்கிறேன். மொரீசியசில் எச்.எஸ்.சி. என்ற பள்ளி இறுதித் தேர்வுக்கு உயிரியல் படிக்கும் உங்கள் மகள், நம் நாட்டுக் கெஸ்ட்ரல் வல்லூறு 1974-இல் நான்காகக் குறைந்து பிறகு நூற்றுக்கணக்கில் பெருகியதை இயற்கைத் தேர்வுக்கு எடுத்துக்காட்டாக எழுதினார். ஆசிரியர் அதற்கு மதிப்பெண் தராமல், ஓரத்தில் 'இது நகர்வு' (தற்செயலால் மரபணு விகிதம் மாறுவது) என்று மட்டும் குறித்திருக்கிறார். எஞ்சியவை எவையோ அவைதானே தகுதியானவை, அப்படியிருக்க இது எப்படித் தவறாகும் என்று கேட்கிறீர்கள். மேலே தெரிவது மதிப்பெண் பற்றிய முறையீடுதான். ஆனால் ஓர் உயிர் பிழைத்துவிட்டது என்ற ஒன்றை வைத்தே அது தகுதியானது என்று முடிவு கட்டலாமா என்பதுதான் உள்ளே இருக்கும் கேள்வி. கட்டக் கூடாது என்பது என் விடை. ஆசிரியர் போட்ட ஒற்றை வரிக் குறிப்பு சரி, ஆனால் அது ஒரு மாணவிக்குப் போதாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

நான் 26 ஆண்டுகள் பள்ளியின் கடைசி இரண்டு வகுப்புகளான லோவர் சிக்ஸ், அப்பர் சிக்ஸ் வகுப்புகளுக்கு உயிரியல் கற்பித்தவன். பறவை ஆராய்ச்சியாளன் அல்லன். எனவே கீழே வரும் பறவைச் செய்திகள் வெளியான ஆய்வுகளிலிருந்து எடுத்தவை, விளக்கம் என் வகுப்பறைப் பழக்கத்திலிருந்து வருவது. இதே பிழையை ஏறக்குறைய ஒவ்வோர் ஆண்டும் விடைத்தாள்களில் பார்த்திருக்கிறேன். நன்றாகப் படிப்பவர்கள்தான் இதை அதிகம் செய்கிறார்கள், ஏனெனில் அவர்கள் மனத்தில் டார்வின் ஆழமாகப் பதிந்திருக்கிறார், மற்றவை பதியவில்லை.

பிழையில் ஒரு பங்கு சொல்லுக்கும் உண்டு. பள்ளியில் ஆங்கிலத்தில் படித்து, வீட்டில் கிரியோல் பேசி, தமிழைச் சில பாடவேளைகளிலும் கோயிலிலும் காப்பாற்றி வைத்திருப்பவர்கள் நாம். அறிவியலைத் தமிழில் சொல்லும்போது ஒவ்வொரு சொல்லையும் தட்டிப் பார்த்தே எடுக்க வேண்டியிருக்கிறது. 'இயற்கைத் தேர்வு' என்ற வழக்கு பரவலாக இருந்தாலும், 'தெரிவு' என்று சொல்வதையே நான் விரும்புகிறேன். தேர்வு என்றதும் கேள்வித்தாளும் தேர்ச்சியும் நினைவுக்கு வந்து, இயற்கை ஒரு பரீட்சை வைத்ததாகவும், அதில் தேறியவை உயிரோடிருப்பதாகவும் மனம் கற்பனை செய்துகொள்கிறது. அதற்கு மேல், ஆங்கிலத் தத்துவவாதி ஹெர்பர்ட் ஸ்பென்சர் 1864-இல் உருவாக்கி, டார்வினே 1869-இல் தம் நூலின் ஐந்தாம் பதிப்பில் ஏற்றுக்கொண்ட 'தக்கன பிழைக்கும்' என்ற தொடர் வேறு. எவை பிழைத்தன என்றால் தக்கவை, எவை தக்கவை என்றால் பிழைத்தவை என்று, செக்கைச் சுற்றும் மாடு போல அது புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடுகிறது.

இயற்கைத் தெரிவு நடந்தது என்று சொல்ல மூன்று செய்திகள் கையில் இருக்க வேண்டும். கூட்டத்துக்குள் ஒரு பண்பில் வேறுபாடு இருக்க வேண்டும். அந்த வேறுபாடு பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு மரபணு வழியாக இறங்குவதாக இருக்க வேண்டும். யார் பிழைத்தார், யார் அதிகக் குஞ்சு பொரித்தார் என்பது அந்த வேறுபாட்டைப் பொறுத்ததாக இருக்க வேண்டும். மூன்றாவதுதான் உயிர்நாடி. எத்தனை செத்தன, எத்தனை மிஞ்சின என்ற எண்ணிக்கை அதைப் பற்றி ஒன்றுமே சொல்வதில்லை. பேரிடருக்கு முன்பே பறவைகளைப் பிடித்து அளந்து வைத்திருந்தால், அந்த அளவைக் கொண்டு இது சாகும், இது பிழைக்கும் என்று குருட்டு ஊகத்தைவிட நன்றாகச் சொல்லியிருக்க முடியுமா என்று கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். முடியும் என்றால் தெரிவு. முடியாது என்றால் அது வேறொன்று.

கலாபகோஸ் தீவுக்கூட்டத்தின் டாப்னி மேஜர் என்ற சிறு தீவில் பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் என்ற உயிரியலாளர் இணையரின் குழு அப்படித்தான் முன்கூட்டியே அளந்து வைத்திருந்தது. 1977-இல் மழை பொய்த்து, அங்கிருந்த நடுத்தரத் தரைக்குருவிகளில் ஏறத்தாழ 85 விழுக்காடு மடிந்தன. சிறிய, மென்மையான விதைகள் தீர்ந்துபோய், முள்ளும் ஓடும் உள்ள பெரிய விதைகளே மிஞ்சியிருந்ததால், தடித்த அலகு கொண்ட பறவைகள் கூடுதலாகத் தப்பின. அலகின் தடிமன் பெற்றோரிடமிருந்து குஞ்சுக்கு இறங்குகிறது என்பதும் அளந்தே நிறுவப்பட்டிருந்தது. அடுத்த ஆண்டு பிறந்த தலைமுறையின் சராசரி அலகுத் தடிமன் அளந்து காட்டக்கூடிய அளவுக்குக் கூடியிருந்தது. இங்கே நூற்றுக்கு எண்பத்தைந்து செத்ததால் இது தெரிவாகிவிடவில்லை. செத்தவற்றுக்கும் பிழைத்தவற்றுக்கும் இடையே அலகில் வேறுபாடு இருந்தது, அது மரபில் இறங்கியது, அதனால் தெரிவு.

இப்போது நம் கெஸ்ட்ரலுக்கு வருவோம். ஊரில் இதற்குக் 'கோழிதின்னி' என்று பொருள்படும் பழி சுமத்திய பெயர் ஒன்று கிரியோலில் உண்டு. உண்மையில் இதன் முதன்மை உணவு மரங்களில் ஓடும் பச்சைப் பல்லிதான். இது அழிவின் விளிம்புக்குப் போன காரணங்கள் ஓரளவு நன்றாகவே தெரியும். குடியேற்றக் காலம் தொட்டு மரத்துக்காகவும் கரும்புக்காகவும் காடு வெட்டப்பட்டு, இன்று நல்ல நிலையில் எஞ்சிய இயற்கைக் காடு தீவின் பரப்பில் 2 விழுக்காட்டுக்கும் குறைவு. வெளியிலிருந்து வந்த குரங்கு, எலி, கீரி, பூனை ஆகியவை முட்டைக்கும் குஞ்சுக்கும் எமனாயின. 1948 முதல் 1970 வரை மலேரியா ஒழிப்புக்கும் வேளாண்மைக்கும் டி.டி.டி. என்ற பூச்சிக்கொல்லி தெளிக்கப்பட்டது, உணவுச் சங்கிலியின் உச்சியில் இருக்கும் வல்லூறுகளின் உடலில் அது சேர்ந்து முட்டை ஓட்டை மெலிதாக்கும் என்பது வேறு நாடுகளில் ஐயமின்றிக் காட்டப்பட்ட செய்தி. 1974-இல் காட்டில் இருப்பதாக அறியப்பட்டவை நான்கே பறவைகள், அவற்றுள் குஞ்சு பொரித்து வளர்த்த இணை ஒன்று.

அந்த நான்கும் பிளாக் ரிவர் பள்ளத்தாக்குகளில் எஞ்சியிருந்த காட்டில் இருந்தன. பள்ளத்தாக்கு செங்குத்தாக இருந்ததால் அங்கே கோடரியும் கரும்பும் போகவில்லை. அங்கே பிறந்திருந்த பறவைகள் மிஞ்சின. சமவெளியில் பிறந்த கெஸ்ட்ரல் எவ்வளவு கூர்ந்த பார்வையும் வேகமும் உடையதாக இருந்திருந்தாலும் அதன் காடு வயலாகிவிட்டது. யார் தப்பினார் என்பதை மரபணுவைவிட இருந்த இடமே முடிவு செய்தது என்றால், எஞ்சியவற்றின் மரபணுக்கள் பழைய கூட்டத்திலிருந்து சீட்டுக் குலுக்கி எடுத்தவை போன்றவையே. இதைத்தான் மரபியல் நகர்வு என்கிறோம்; கூட்டம் திடீரெனச் சுருங்குவதால் நகர்வு வேகமெடுப்பதைப் போத்தல் கழுத்து விளைவு என்கிறோம். 'தற்செயல்' என்ற சொல்லை மாணவர்கள் 'காரணமே இல்லாதது' என்று எடுத்துக்கொள்கிறார்கள். குரங்கு ஒரு முட்டையைத் தின்றதற்குக் காரணம் உண்டு, அதற்குப் பசி. அந்த முட்டைக்குள் எந்த அல்லீல், அதாவது ஒரு மரபணுவின் எந்த வடிவம், இருந்தது என்பதோடு அந்தக் காரணத்துக்குத் தொடர்பில்லை என்பதே இங்கே தற்செயலின் பொருள்.

வகுப்பில் இதற்காகப் பழைய பிஸ்கட் தகரப் பெட்டி ஒன்றை வைத்திருந்தேன். அதில் 90 வெள்ளைப் பயறும் 10 சிவப்புப் பயறும் போட்டு, மூடியில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை வெட்டியிருந்தேன். ஒவ்வொரு மாணவரும் பார்க்காமல் நான்கு பயறு எடுத்து, எழுதிக்கொண்டு, திரும்பப் போட வேண்டும். ஏன் நான்கு என்றால், ஒரு சேவலும் ஒரு பெட்டையும் ஒரு மரபணுவின் நான்கு பிரதிகளைத்தான் சுமக்க முடியும். கணக்குப் போட்டால் ஒரு சிவப்புகூட வராமல் போகும் வாய்ப்பு 65 விழுக்காடு. 30 பேர் வகுப்பில் ஏறத்தாழ 20 பேர் கையில் வெள்ளை மட்டுமே இருக்கும். ஒருவன் கையில் மட்டும் இரண்டு சிவப்பு வந்து, பத்தில் ஒன்றாக இருந்தது திடீரெனப் பாதியாகிவிடும். சிவப்புப் பயறு என்ன குற்றம் செய்தது, வெள்ளை என்ன புண்ணியம் செய்தது என்று கேட்பேன். ஒரு பையன் ஒருமுறை, "சார், சிவப்பு கொஞ்சம் சின்னது, அதனால் விரலில் சிக்கவில்லை" என்றான். சிரித்தார்கள், ஆனால் அன்றைய வகுப்பிலேயே சிறந்த கூற்று அதுதான். பயறின் அளவு விரலில் சிக்குவதைப் பாதித்தால் அந்த நொடியே பெட்டிக்குள் நகர்வோடு தெரிவும் சேர்ந்துவிடுகிறது. மறுநாள் ஒரே அளவுப் பயறு வாங்கிச் சாயம் போட்டுக் கொண்டுபோனேன்.

பறவைகளின் பெட்டியில் என்ன நடந்தது என்பதற்குச் சான்று இருக்கிறது. அருங்காட்சியகங்களில் பாடம் செய்து வைக்கப்பட்டிருந்த பழைய மொரீசியஸ் கெஸ்ட்ரல் தோல்களிலிருந்து டி.என்.ஏ. எடுத்து, இன்றைய பறவைகளின் டி.என்.ஏ.வோடு அதன் 12 இடங்களில் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2000-இல் நேச்சர் இதழில் வெளியானது. பழைய கூட்டத்தில் இருந்த அல்லீல்களில் பாதிக்கு மேல், 55 விழுக்காடு, இன்று இல்லை. இரு வேறு அல்லீல்களைச் சுமக்கும் நிலை, அதாவது ஹெட்டிரோசைகஸ் நிலை, 57 விழுக்காடு குறைந்துவிட்டது. அந்த ஆய்வு பார்த்தவை மைக்ரோசாட்டிலைட் எனப்படும் திரும்பத் திரும்ப வரும் துண்டுகள். அவை பெரும்பாலும் புரதம் எதையும் குறிக்காதவை, பறவையின் உடல்நலத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்யாதவை. பயனற்ற துண்டுகளே 12 இடங்களிலும் சேர்ந்து வறண்டுபோயிருந்தால், அதற்குத் தெரிவைக் காரணம் காட்ட முடியாது. ஆசிரியர் எழுதிய 'நகர்வு' என்ற ஒற்றைச் சொல்லுக்கு இதுதான் வலுவான ஆதாரம்.

இங்கே அப்பர் சிக்ஸ் மாணவிக்கு உதவும் ஒரு நுட்பம் உண்டு. கூட்டம் ஒரே ஒரு தலைமுறைக்கு ஒரு இணையாகச் சுருங்கினால், ஹெட்டிரோசைகஸ் நிலை நான்கில் ஒரு பங்குதான் குறையும். ஒரு தலைமுறைக்குப் பின் மிஞ்சும் பங்கு, 1 கழித்தல் 2N-இன் கீழ் 1; N என்பது இனப்பெருக்கம் செய்யும் பறவைகளின் எண்ணிக்கை, அதற்கு 2 போட்டுப் பார்க்கலாம். அந்த நிலை மூன்று தலைமுறை நீடித்தால் முக்காலின் முப்படி, அதாவது 42 விழுக்காடு மிஞ்சி, 58 விழுக்காடு போகும். கெஸ்ட்ரல் சரியாக மூன்று தலைமுறை ஒற்றை இணையாக இருந்தது என்று இதற்குப் பொருளில்லை. இது பலகைக் கணக்கு மட்டுமே. கூட்டம் எவ்வளவு சிறுத்தது என்பதோடு எவ்வளவு காலம் சிறுத்தே கிடந்தது என்பதும் முக்கியம் என்பதை அது காட்டுகிறது. 1974 என்ற ஆண்டை மட்டும் நெட்டுருப் போடுபவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

இதுவரை சொன்னவை உறுதியானவை. ஐயத்துக்கு இடமுள்ள ஒன்றையும் சொல்கிறேன், ஏனெனில் உங்கள் மகள் எங்காவது அதைப் படித்துவிட்டு எதிர்வாதம் செய்யக்கூடும். கெஸ்ட்ரல் முன்பு மரப்பொந்தில் கூடு வைத்து வந்ததாகவும், 1974-இல் ஓர் இணை மட்டும் குரங்கு ஏற முடியாத செங்குத்துப் பாறையில் கூடு வைத்து மூன்று குஞ்சுகளை வளர்த்ததாகவும், அக்குஞ்சுகள் பெரிதானபின் பாறையையே தேடிப் போனதாகவும் ஒரு விளக்கம் உண்டு. அது முழு உண்மையானால் குரங்குதான் தெரிவு செய்தது, பாறையை நாடியவை பிழைத்தன என்று வாதிடத் தோன்றும். ஆனால் முற்காலத்திலும் இவை பாறைப் பொந்துகளில் கூடு வைத்தன என்று இதை மறுப்பவர்கள் இருக்கிறார்கள். மறுப்பை ஒதுக்கி வைத்தாலும், பிறந்த இடத்தைப் போன்ற இடத்தை நாடுவது மரபணுவால் வருவதா, குஞ்சுப் பருவத்தில் மனத்தில் பதிவதா என்ற கேள்வி நிற்கிறது. பாதுகாப்புப் பணியாளர்கள் மரத்தில் மாட்டிய பலகைப் பெட்டிகளில் இதே பறவைகள் தயங்காமல் குடும்பம் நடத்தின என்பதைப் பார்க்கும்போது, பதிவதும் கற்பதுமே என்ற பக்கம்தான் என் மனம் சாய்கிறது. கற்றது அடுத்த தலைமுறைக்குப் போகலாம், அது பண்பாடு போன்றது. அல்லீல் விகிதம் மாறினால்தான் அதைப் பாடநூல் பொருளில் பரிணாமம் என்போம்.

அதே டி.டி.டி.யைக் கொண்டே இரண்டு கருத்துகளையும் அருகருகே நிறுத்தலாம். உலகின் பல பகுதிகளில் கொசுக்கள் டி.டி.டி.க்கு எதிர்ப்புப் பெற்றன. கொசுக் கூட்டம் கோடிக்கணக்கில் இருந்தது. நரம்புச் செல்லின் சோடியம் வாயிலில் சிறு மாற்றம் கொண்ட சில கொசுக்கள் மருந்து தெளிப்பதற்கு முன்பே அதில் இருந்தன. மருந்து மற்றவற்றைக் கொன்றது, இவை பெருகின. இது கலப்படமில்லாத தெரிவு. வல்லூறின் கூட்டமோ ஏற்கெனவே சிறுத்திருந்தது, ஆண்டுக்கு ஒருமுறை சில முட்டைகளே இடுவது. தெரிவு வேலை செய்ய வேண்டிய வேறுபாடுகளே கையில் இல்லை. மருந்து ஒன்று, ஒரு பக்கம் தெரிவு, மறு பக்கம் சரிவு. மகளின் விடையில் இந்த ஒப்பீட்டை இரண்டு வரியில் எழுதினால் எந்தத் திருத்துநரும் நிமிர்ந்து உட்காருவார்.

நான்கு பறவைகள் நூற்றுக்கணக்கில் பெருகியதே வலிமைக்குச் சான்று என்ற உங்கள் வாதத்துக்கும் விடை சொல்ல வேண்டும். அந்தப் பெருக்கத்துக்குப் பின்னால் மனிதக் கைகள் இருந்தன. 1979-இல் இங்கே வந்த பறவைப் பாதுகாப்பாளர் கார்ல் ஜோன்ஸும் அவரோடு பணியாற்றியவர்களும், இட்ட முட்டைகளை எடுத்து அடைகாக்கும் பெட்டியில் பொரிக்க வைத்து, தாய்ப்பறவை மறுபடி இடும்படி செய்தார்கள், பறவைகளுக்கு எலி ஊட்டினார்கள், கூண்டில் வளர்த்த குஞ்சுகளைக் காட்டில் விட்டார்கள். 1994-இல் இனத்தின் நிலை ஆபத்துப் பட்டியலில் ஒரு படி இறங்கியது, அதாவது ஆபத்து குறைந்ததாகக் கொள்ளப்பட்டது. 2014-இல் எண்ணிக்கை மீண்டும் குறைந்ததால் பழையபடி ஏறியது. பெருகியது என்பதற்காக இழந்த அல்லீல்கள் திரும்பி வந்துவிடவில்லை. ஐந்நூறு பறவைகள் இருந்தாலும் அவை அதே நான்கு பயறுகளின் நகல்கள். புதிய வேறுபாடு மரபணுத் திடீர்மாற்றத்தால்தான் வர முடியும், அது ஆமை வேகம். இந்த வறுமையின் விலை என்ன என்பதை 1990 வாக்கில் பத்துப் பறவைகளாகச் சுருங்கிய நம் இளஞ்சிவப்புப் புறாவில் தெளிவாக அளந்திருக்கிறார்கள்: நெருங்கிய உறவுக்குள் இணைந்தவற்றின் முட்டைகள் கருவுறுவதும் குஞ்சுகள் தேறுவதும் குறைகின்றன. எண்ணிக்கை பெருகியதை மட்டும் வைத்து வலிமை என்று முடிவு கட்ட முடியாது என்பதை இது காட்டுகிறது.

மனிதரிடமும் இது உண்டு என்பதற்கு அக்கரையில் தென்னாப்பிரிக்காவே சான்று. கேப் பகுதியில் 1688-இல் மணந்துகொண்ட ஒரு டச்சு இணையிடமிருந்து இறங்கிய அல்லீல் ஒன்றால், வேரிகேட் போர்பிரியா என்ற பரம்பரை நோய், பெரும்பாலும் டச்சுக் குடியேறிகளின் வழிவந்த ஆப்பிரிகானர் சமூகத்தில் உலகின் மற்றப் பகுதிகளைவிட மிகவும் கூடுதலாக இருக்கிறது. அந்த அல்லீலால் நன்மை எதுவும் விளைந்ததாகக் காட்டப்படவில்லை; சிறு குடியேற்றத்தில் அது இருந்தது, அவர்களுக்குப் பிள்ளைகள் நிறைய. இது நிறுவனர் விளைவு, நகர்வின் இன்னொரு முகம். கேம்பிரிட்ஜ் பாடத்திட்டம் 9700-இன் 17-ஆம் பகுதியில் தெரிவு, நிறுவனர் விளைவு, போத்தல் கழுத்து மூன்றும் ஒன்றாகவே வருகின்றன.

மகள் திருத்தி எழுதும்போது, எண்ணிக்கை ஏன் சுருங்கியது என்பதை ஒரு வரியில் முடித்துவிட்டு, எஞ்சியவை பண்பால் எஞ்சவில்லை என்பதையும், அதனால் அல்லீல் விகிதம் தற்செயலாக மாறி, அரிய அல்லீல்கள் தொலைந்தன என்பதையும் சொல்லட்டும். '57 விழுக்காடு' என்ற எண்ணைச் சேர்த்தால் நல்லது. சேர்க்காவிட்டாலும் மதிப்பெண் குறையாது. 'பிழைப்பதற்காகத் தகவமைந்தன' என்ற தொடர் எங்கேயாவது இருந்தால் அடித்துவிடச் சொல்லுங்கள். தனிப்பறவை தன் அல்லீலை மாற்றிக்கொள்வதில்லை. விடையில் தெரிவு என்ற சொல்லே வரக் கூடாது என்றும் எண்ண வேண்டாம். அந்த நூற்றாண்டுகளில் தெரிவு அறவே நின்றுபோயிருக்க முடியாது. இவ்வளவு சிறிய கூட்டத்தில் நகர்வின் இரைச்சலில் அதன் குரல் கேட்காது, அவ்வளவுதான். இந்த ஒரு வரியைத் தன் சொந்தச் சொற்களில் எழுதத் தெரிந்தால், அந்தக் கேள்விக்கு உரிய முழு மதிப்பெண்ணையும் நானாக இருந்தால் போட்டிருப்பேன்.